புதிய பயனரின் யோசனைகளில் எதை முதலில் ஏற்பது? தொகுப்பு மேலாண்மை குறித்த ஓர் ஒப்பீடு

கணினியில் மென்பொருள்களை நிறுவவும் புதுப்பிக்கவும் அகற்றவும் உதவும் கருவியே தொகுப்பு மேலாளர். அதைப் பல ஆண்டுகள் பயன்படுத்திப் பழகியவரின் கண்ணில் அதன் குறைகள் படுவதில்லை. எந்தக் கட்டளைக்குப் பின் எதைக் கொடுக்க வேண்டும், எந்தப் பிழைச்செய்தியைப் பொருட்படுத்தாமல் விடலாம், எந்தக் கேள்விக்கு மட்டும் நின்று யோசிக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குக் கைப்பழக்கமாகிவிட்டிருக்கும். ஆகவே, புதிதாக வந்த பயனர் ஒருவர் முதல் சில வாரங்களுக்குள் எழுதியனுப்பும் யோசனைகளுக்குத் தனி மதிப்பு உண்டு. அவற்றைப் பெற்றுக்கொள்ளும் பராமரிப்பாளர்களின் சங்கடமும் உண்மையானதே: ஆள் குறைவு, நேரம் குறைவு, வந்த யோசனைகளோ ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறு அளவிலானவை.

எந்தத் தொகுப்பு மேலாளரை எடுத்துக்கொண்டாலும் இந்த யோசனைகள் பெரும்பாலும் ஒரே வட்டத்துக்குள் அமைகின்றன. கட்டளைகள் எளிமையாக வேண்டும். பிழைச்செய்திகள் புரியும்படி இருக்க வேண்டும். செய்த மாற்றத்தைத் திரும்பப் பெற ஒரு வழி வேண்டும். ஒவ்வொரு மென்பொருளும் தனக்குத் தேவையான நூலகங்களை, அதாவது பல நிரல்கள் பயன்படுத்தும் துணை நிரல்களை, தன்னுடனேயே கொண்டுவர வேண்டும். அடிக்கடி கேள்வி கேட்காமல் வேலையை முடிக்க வேண்டும். பதிவிறக்கம் வேகமாக வேண்டும். இவற்றில் எதை முதலில் எடுத்துக்கொள்வது, எதைத் தள்ளிப்போடுவது, எதை மறுப்பது என்பதே இங்கே முடிவு செய்ய வேண்டியது.

பலரும் இதைப் பயன், உழைப்பு என்ற இரண்டு அளவுகோல்களால் தீர்மானிக்கிறார்கள். அவை இரண்டும் போதாது என்பது என் கருத்து. தொகுப்பு மேலாளர் என்பது மனிதர்கள் மட்டும் பயன்படுத்தும் கருவி அன்று. சேவையகங்களை அமைக்கும் நிரல்களும், மென்பொருளைத் தனிச் சூழலாக அடைக்கும் கொள்கலன்களைக் கட்டும் கோப்புகளும், கற்பித்தல் கட்டுரைகளும் அதன் கட்டளைகளை அப்படியே எழுதி வைத்திருக்கின்றன. இன்று வெளியிடும் ஒரு மாற்றம் பிழையென்று நாளை தெரிந்தால், அதைத் திரும்பப் பெற முடியுமா என்ற கேள்வியே மற்ற இரண்டைவிடவும் முன்னே நிற்க வேண்டும். ஒரு செய்தியின் வாசகத்தை அடுத்த பதிப்பில் மாற்றிவிடலாம். ஒரு கட்டளையின் பெயரை, தொகுப்புக் கோப்பின் வடிவத்தை, எந்தக் கேள்விக்கு எது இயல்பான பதில் (எதையும் தட்டாமல் கடந்தால் எடுத்துக்கொள்ளப்படுவது) என்பதை ஒருமுறை கொடுத்துவிட்டால், பத்தாண்டு கழித்தும் அது நம் தலையில்தான் இருக்கும்.

வேகம் பற்றிய யோசனையை விரைவாகவே முடித்துவிடலாம். ஆர்ச் லினக்ஸ் இயங்குதளத்தின் தொகுப்பு மேலாளரான பேக்மேன் 2021-ல் வெளிவந்த 6.0 பதிப்பில் ஒரே நேரத்தில் பல கோப்புகளைப் பதிவிறக்கும் வசதியைப் பெற்றது. பெடோரா இயங்குதளத்தின் டிஎன்எஃப் அதை முன்பே வைத்திருந்தது. தொகுப்புகளின் நகல்களை வழங்கும் கண்ணாடித்தளங்களின் மீது சுமை கூடாதபடி ஒரு வரம்பு வைத்துச் செய்தால் இதில் சர்ச்சைக்கு இடமில்லை. வேண்டாமென்றால் அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றி நிறுத்திவிடவும் முடியும். செய்யலாம்.

கட்டளைகளை எளிமையாக்குவது அப்படி அன்று. புதியவரின் குறை நியாயமானது என்பதில் ஐயமில்லை. டெபியன், உபுண்டு இயங்குதளங்களின் ஏபிடியில் 'அப்டேட்' என்றால் களஞ்சியத்தின் (தொகுப்புகள் வைக்கப்பட்டிருக்கும் சேவையகத்தின்) பட்டியலை மட்டும் புதுப்பிப்பது, 'அப்கிரேட்' என்றால்தான் மென்பொருள்கள் மேம்படும். டிஎன்எஃப்பில் இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன. பேக்மேனிலோ சொற்களே இல்லை, எழுத்துகள்தாம். இதைப் பார்க்கும் எவருக்கும் ஒழுங்குபடுத்திவிட வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் இருக்கும் கட்டளையின் பொருளை மாற்றினால், அதை நம்பி எழுதப்பட்ட அத்தனை நிரல்களும் அன்றிரவே தவறாக நடக்கத் தொடங்கும். அவற்றுள் பல எந்தப் பிழையும் காட்டாமலேயே தவறாக நடக்கும்.

டெபியன் இதற்குக் கண்ட வழி பின்பற்றத் தக்கது. 1990-களின் இறுதியிலிருந்து புழங்கிவரும் 'ஏபிடி-கெட்', 'ஏபிடி-கேஷ்' ஆகிய கட்டளைகளைத் தொடாமல், 2014-ல் 1.0 பதிப்பின்போது 'ஏபிடி' என்ற தனிக் கட்டளையை மனிதர்களுக்கென்று முன்வைத்தார்கள். அந்தக் கட்டளையின் வெளியீட்டை வேறொரு நிரலுக்குள் திருப்பிவிட்டுப் பார்த்தால், 'இதன் இடைமுகம் நிலையானது அன்று, நிரல்களில் கவனத்தோடு பயன்படுத்தவும்' என்ற பொருளில் ஓர் எச்சரிக்கை வரும். ஒற்றை வரிதான், ஆனால் பராமரிப்பாளர்கள் தங்களுக்கென்று மீட்டு வைத்துக்கொண்ட சுதந்திரம் முழுவதும் அந்த வரியில் இருக்கிறது. 2025-ல் வந்த 3.0 பதிப்பில் வண்ணங்களும் நெடுவரிசைகளும் சேர்ந்து வெளியீட்டின் தோற்றமே மாறியபோது, பழைய கட்டளையை நம்பியிருந்த நிரல்களுக்கு அதனால் பாதிப்பு வராததற்கு இந்தப் பிரிவினையே காரணம். ஆகவே கட்டளை எளிமையை ஏற்பதென்றால், முதலில் மனிதர்களுக்கும் நிரல்களுக்கும் தனித்தனி வாசல் வைத்துவிட்டே ஏற்க வேண்டும்.

இனி, நான் முதலிடம் கொடுக்கும் யோசனைக்கு வருகிறேன்: பிழைச்செய்திகளும், வேலையைத் தொடங்குமுன் காட்டப்படும் திட்டமும். இது ஏதோ மேற்பூச்சு வேலை என்று ஒதுக்கப்படுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்படி ஒதுக்குவது தவறு என்பதற்குப் பூட்டுக் கோப்பு ஒன்றே போதுமான சான்று.

டெபியன், உபுண்டு கணினிகளில் ஒரு நேரத்தில் ஒரு செயல்முறை மட்டுமே தொகுப்புத் தரவுத்தளத்தை மாற்றலாம். அதற்காக ஒரு பூட்டுக் கோப்பு உண்டு. பின்னணியில் தானியங்கிப் புதுப்பித்தல் ஓடிக்கொண்டிருக்கும்போது பயனர் எதையாவது நிறுவ முயன்றால், பூட்டைப் பெற முடியவில்லை, வேறொரு செயல்முறை அதைப் பயன்படுத்துகிறதா என்று பழைய பதிப்புகள் பயனரிடமே கேட்டுவிட்டு நின்றுவிடும். புதியவருக்கு அது எப்படித் தெரியும்? அவர் அந்தச் செய்தியை அப்படியே வெட்டித் தேடினார். கிடைத்த பதில்களில் பல, பூட்டுக் கோப்பை அழித்துவிடு என்றன. பாதி எழுதப்பட்ட தரவுத்தளத்தின் மேல் இன்னொரு செயல்முறை எழுதத் தொடங்குவதற்கு இதைவிடச் சுருக்கமான வழி வேறில்லை. பின்னாளில் வந்த பதிப்புகள் பூட்டை வைத்திருக்கும் செயல்முறையின் எண்ணையும் பெயரையும் சொல்லி, அது முடியும்வரை சிறிது நேரம் தாமாகவே காத்திருக்கின்றன. தொகுப்பு வடிவம் மாறவில்லை, களஞ்சியம் மாறவில்லை, எந்தக் கட்டளையும் மாறவில்லை. ஆனாலும் புதியவர் தன் கணினியைத் தானே கெடுத்துக்கொள்ளும் ஒரு பெரிய வழி அடைபட்டது.

சார்புகள், அதாவது ஒரு தொகுப்பு இயங்கத் தேவையான பிற தொகுப்புகள், பொருந்தாதபோது வரும் செய்தி இன்னும் மோசம். 'உடைந்த தொகுப்புகளை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்' என்ற பொருளில் ஏபிடி நெடுங்காலமாகக் காட்டிவந்த வாசகத்தைப் படித்தவர், தான் எதையோ நிறுத்தி வைத்துவிட்டதாக நினைத்து அதைத் தேடிக் களைத்துப்போவார். பெரும்பாலான நேரங்களில் அவர் எதையும் நிறுத்தி வைத்திருக்கமாட்டார். வேறொரு களஞ்சியத்திலிருந்து சேர்த்த ஒரு நூலகத்தின் பதிப்பு முன்னே போயிருக்கும், அவ்வளவுதான். செய்தி நடந்ததைச் சொல்லாமல், எந்தப் பதிப்புகள் ஒன்றோடொன்று பொருந்தும் என்று கணக்கிடும் தீர்வுக்கணிப்பு நிரல் எந்த இடத்தில் கைவிட்டதோ அந்த இடத்தைச் சொல்கிறது.

இதற்கு மாற்று உண்டு என்பது நிரூபிக்கப்பட்ட ஒன்று. டார்ட் மொழியின் தொகுப்பு மேலாளருக்காக உருவாக்கப்பட்டு 2018-ல் அறிமுகமான பப்கிரப் என்ற தீர்வுமுறை, முரண்பாட்டைக் கண்டவுடன் அதற்கு இட்டுச்சென்ற காரணங்களையும் நினைவில் வைத்துக்கொள்கிறது. தோல்வியடையும்போது, 'உங்கள் திட்டத்துக்கு இந்த நூலகத்தின் 1-ஆம் வரிசை வேண்டும். நீங்கள் கேட்ட தொகுப்புக்கு அதே நூலகத்தின் 2-ஆம் வரிசை வேண்டும். ஆகவே இரண்டும் சேர்ந்து இயலாது' என்று படிப்படியாகச் சொல்லிவிடுகிறது. பைத்தான் நிரல்மொழிக்கான யுவி என்ற தொகுப்பு மேலாளர் இப்போது இதே முறையைப் பின்பற்றுகிறது. ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்: சார்புகளுக்குத் தீர்வு காண்பது பொதுவான வடிவில் என்பி-முழுமை (அளவு கூடும்போது விரைவாகத் தீர்க்கப் பொதுவழி அறியப்படாத) வகையைச் சேர்ந்த கடினமான கணக்கு, ஆயிரக்கணக்கான தொகுப்புகள் பின்னிக் கிடக்கும் ஓர் இயங்குதளத்தில் விளக்கம் பக்கக்கணக்கில் நீளக்கூடும். அதைப் பயனர் நேரடியாகக் கேட்ட தொகுப்புகளில் தொடங்கி, முதல் மோதல்வரை மட்டும் காட்டுவதே நடைமுறைக்கு ஏற்றது.

விளக்கத்தோடு அடுத்த படியையும் சொல்வது எப்படி என்பதற்கு டெபியன் 12-ல் பைத்தானின் தொகுப்பு நிறுவியான பிப் காட்டும் செய்தியைப் பார்க்கலாம். இயங்குதளமே பராமரிக்கும் பைத்தானுக்குள் பிப் வழியாக எதையும் நிறுவ முயன்றால், பெப் 668 என்ற பைத்தான் வரையறையின்படி அது மறுக்கப்படுகிறது. மறுப்போடு செய்தி முடிவதில்லை: இயங்குதளத்தின் சொந்தத் தொகுப்பாக அது கிடைக்கிறதா என்று பாருங்கள், இல்லையேல் தனிச் சூழல் ஒன்றை அமைத்து அதற்குள் நிறுவுங்கள், தனிப் பயன்பாடு என்றால் பிப்எக்ஸைப் பயன்படுத்துங்கள் என்று எழுதக்கூடிய கட்டளைகளோடு சொல்கிறது. இந்த மறுப்பு வந்த நாளில் எரிச்சலடைந்தவர்கள் ஏராளம். ஆனால் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றவர்கள் குறைவு. புதியவருக்குத் தடையே வரக்கூடாது என்பதில்லை. தடை வந்த இடத்தில் வழி தெரிய வேண்டும்.

செய்திகளை மாற்றுவதில் உள்ள ஆபத்து ஒன்றே ஒன்று. எச்சரிக்கையை மீறியும் சில நிரல்கள் வாசகத்தைத் தேடிப் பிடித்து இயங்கிக்கொண்டிருக்கும். வேலை வெற்றியா தோல்வியா என்று நிரல் முடியும்போது தரும் வெளியேறும் குறியீட்டு எண்களை மாற்றாமல் வைத்திருந்து, இயந்திரம் படிக்கத்தக்க தனி வெளியீட்டையும் கொடுத்துவிட்டால் அந்தப் பாதிப்பு பெருமளவு குறையும்.

செய்ததைத் திரும்பப் பெறும் வசதிதான் புதியவர்கள் மிகவும் ஆசையோடு கேட்பது. அந்த ஆசையை நான் முழுமையாகப் புரிந்துகொள்கிறேன். பயமில்லாமல் முயன்று பார்ப்பவர்தான் கற்றுக்கொள்கிறார். ஆனால் இந்த ஒரே கோரிக்கைக்குள் விலை வேறுபட்ட மூன்று வேறு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன, அவற்றைப் பிரிக்காமல் முடிவெடுக்க இயலாது.

முதலாவது, நடந்ததைப் பதிவுசெய்து வைத்து அதைத் தலைகீழாகச் செய்வது. டிஎன்எஃப் ஒவ்வொரு நடவடிக்கைக்கும் ஓர் எண் கொடுத்து வரலாற்றில் வைக்கிறது. அந்த எண்ணைச் சொல்லித் திரும்பப் பெறக் கேட்டால், நிறுவியதை அகற்றி, அகற்றியதை நிறுவுகிறது. நேற்று சேர்த்த ஒரு தொகுப்பையும் அதனோடு வந்த நாற்பது சார்புகளையும் சுத்தமாகத் துடைக்க இது அருமையான வழி. மேம்படுத்தலைத் திரும்பப் பெறுவதில்தான் தடுமாறும், ஏனெனில் பழைய பதிப்பு களஞ்சியத்தில் இன்னும் இருக்க வேண்டும். பெடோராவின் புதுப்பித்தல் களஞ்சியம் பொதுவாகக் கடைசிப் பதிப்பை மட்டுமே வைத்திருக்கிறது. டெபியனிலோ பதிப்பை இறக்குவது அதிகாரபூர்வமாக ஆதரிக்கப்படுவதே இல்லை. நிறுவலின்போது ஓடும் பராமரிப்பு நிரல்கள் முன்னோக்கிப் போவதற்கென்றே எழுதப்படுகின்றன.

இரண்டாவது, கோப்பு முறைமையையே படம்பிடித்து வைப்பது. ஓபன்சூசே என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையின் மேல் ஸ்னாப்பர் என்ற கருவி, அத்தளத்தின் தொகுப்பு மேலாளரான ஜிப்பர் ஒவ்வொரு முறை இயங்குவதற்கு முன்னும் பின்னும் ஒரு நிலைப்படம் எடுக்கிறது. கணினி தொடங்க மறுத்தாலும் துவக்கப் பட்டியலிலிருந்தே பழைய நிலைக்குப் போய்விடலாம். தொகுப்பு மேலாளரில் பெரிதாக எதையும் மாற்ற வேண்டியதில்லை என்பது இதன் பலம். குறிப்பிட்ட கோப்பு முறைமை இருந்தாக வேண்டும் என்பது பலவீனம்.

மூன்றாவது, அடித்தளத்திலிருந்தே வேறு விதமாகக் கட்டுவது. 2003-ல் தொடங்கிய நிக்ஸ் என்ற தொகுப்பு மேலாளர், ஒவ்வொரு தொகுப்பையும் அதை உருவாக்கிய உள்ளீடுகள் அனைத்திலிருந்தும் கணக்கிட்ட அடையாளத்தோடு தனி அடைவில் (கோப்புறையில்) வைக்கிறது. ஏற்கெனவே இருக்கும் எதையும் அது மேலெழுதுவதில்லை. ஆகவே பழைய தலைமுறைக்கு, அதாவது முந்தைய நிலைக்கு, திரும்புவது என்பது எந்த அடைவைப் பயன்படுத்துவது என்று காட்டும் ஒரு சுட்டியை மாற்றுவது மட்டுமே, நொடிக்கணக்கில் முடியும். இதைவிடத் தூய்மையான தீர்வு இதுவரை வரவில்லை என்றே சொல்வேன். ஆனால் அதன் விலையாக வட்டு இடம் வேகமாக நிறைகிறது. வழக்கமான அடைவு அமைப்பை எதிர்பார்த்துத் தொகுக்கப்பட்ட வெளி நிரல்கள் அப்படியே ஓடுவதில்லை. எல்லாத் தொகுப்புகளையும் புதிதாக விவரித்தாக வேண்டும். இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு தொகுப்பு மேலாளரில் இதை ஒரு வசதியாகச் சேர்க்க இயலாது. இது வேறொரு மேலாளரை எழுதுவதற்குச் சமம்.

மூன்றுக்கும் பொதுவான ஓர் எல்லை உண்டு, அதைப் புதியவரிடம் மறைக்கக் கூடாது. மென்பொருள் திரும்பும், அது தொட்ட தரவு திரும்பாது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் ஒவ்வொரு பெரும் பதிப்பும் தன் தரவு அடைவைத் தன் வடிவிலேயே வைத்திருப்பதால், புதிய பதிப்புக்கு மாற்றப்பட்ட அடைவைப் பழைய பதிப்பால் திறக்கவே முடியாது. ஓபன்சூசேயின் நிலைப்படங்களும் பயனரின் இல்ல அடைவையும் மாறும் தரவுகளையும் வேண்டுமென்றே விலக்கிவிடுகின்றன. இல்லாவிட்டால் நேற்றைய நிலைக்குத் திரும்பும்போது இன்று எழுதிய கோப்புகளும் காணாமல்போகும். 'திரும்பப் பெறு' என்று பெயர் வைத்துவிட்டுப் பாதியை மட்டும் திரும்பக் கொடுத்தால், பயனர் அந்தச் சொல்லை நம்பித் துணிந்து செய்ததற்கு நாமே பொறுப்பாளிகள் ஆவோம். ஆகவே நான் பரிந்துரைப்பது முதல் வழியை, அதுவும் குறுகிய வாக்குறுதியோடு: புதிதாக நிறுவியதையும் அகற்றியதையும் திருப்பலாம், மேம்படுத்தலைத் திருப்புவது பழைய பதிப்பு கையில் இருந்தால் மட்டுமே, இல்லையென்றால் தொடங்குமுன்னரே அதைச் சொல்லிவிட வேண்டும். வரலாற்றுப் பதிவை மட்டும் உடனே தொடங்கிவிடலாம். பதிவு இல்லாமல் கழிந்த நாள்களைப் பின்னால் எந்தக் கருவியாலும் மீட்க இயலாது.

ஒவ்வொரு மென்பொருளும் தன் நூலகங்களைத் தன்னுடனேயே கொண்டுவரட்டும் என்ற யோசனை, மேலே சொன்ன சார்பு மோதல்களை ஒரே அடியில் ஒழித்துவிடும் என்பதால் கவர்ச்சியானது. 2023 செப்டம்பரில் வெப்பி என்ற வடிவில் உள்ள படிமங்களைக் கையாளும் நூலகத்தில் வெளிப்பட்ட பாதுகாப்புக் குறை, அதன் மறுபக்கத்தைக் காட்டியது. பொது நூலகமாக அது நிறுவப்பட்டிருந்த இடங்களில் ஒரு தொகுப்பைப் புதுப்பித்தவுடன் அதைப் பயன்படுத்தும் நிரல்கள் எல்லாம் காப்பாற்றப்பட்டன. உலாவிகளும், எலக்ட்ரான் என்ற மென்பொருள் சட்டகத்தின் மேல் கட்டப்பட்ட எண்ணற்ற பயன்பாடுகளும் தம்முள் தனிப் பிரதி வைத்திருந்ததால், ஒவ்வொன்றும் தனித்தனியே புதிய பதிப்பு வெளியிடும்வரை அவற்றின் பயனர்கள் காத்திருக்க நேர்ந்தது. தன் கணினியில் எத்தனை பிரதிகள் இருக்கின்றன என்று பயனருக்குத் தெரிந்திருக்கவும் வழியில்லை. ஃபிளாட்பேக் என்ற தொகுப்பு முறை பொதுவான இயக்குசூழலைப் பல பயன்பாடுகள் பகிர்ந்துகொள்ளும்படி அமைத்து இந்தச் சிக்கலின் ஒரு பகுதியைக் குறைத்திருக்கிறது, பயன்பாடுகளைத் தனிமைப்படுத்தும் பாதுகாப்பையும் கூடவே தருகிறது. மேசைக்கணினிப் பயன்பாடுகளுக்கு அதை அருகிலேயே ஒரு தெரிவாக வைத்திருப்பதை வரவேற்கிறேன். அடித்தளத் தொகுப்புகளுக்கு இதுவே இயல்பான வழி என்று ஆக்குவதை ஏற்கமாட்டேன். தொகுப்பு வடிவமே மாறுவதால், இது திரும்பப் பெறவே முடியாத முடிவும்கூட.

கேள்வி கேட்காமல் முடித்துவிட வேண்டும் என்ற யோசனைக்கு 2021-ல் பொதுவெளியில் நடந்த நிகழ்வொன்றே பதில் சொல்கிறது. ஏபிடியைப் பயன்படுத்தும் பாப் ஓஎஸ் இயங்குதளத்தில் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளை நிறுவ முயன்ற புகழ்பெற்ற காணொளியாளர் ஒருவருக்கு, களஞ்சியத்தில் அப்போதிருந்த ஒரு பதிப்பு முரணால், மேசைச் சூழலையே அகற்றும் திட்டம் காட்டப்பட்டது. அபாயகரமானது என்ற எச்சரிக்கையும் இருந்தது. முழு வாக்கியம் ஒன்றைத் தட்டச்சு செய்தால்தான் தொடர முடியும் என்ற தடையும் இருந்தது. அவர் வாக்கியத்தைத் தட்டச்சு செய்தார், மேசைச் சூழல் போய்விட்டது. அவரைக் குறை சொல்வது எளிது. ஆனால் நீண்ட பட்டியலுக்கு நடுவே புதைந்திருந்த எச்சரிக்கையை யார்தான் கவனிப்பார்? அதன்பின் ஏபிடியின் தீர்வுக்கணிப்பு, அத்தியாவசியத் தொகுப்புகளை அகற்றும் தீர்வுகளைத் தானாக முன்வைக்காதபடி மாற்றப்பட்டது.

இந்த நிகழ்விலிருந்து கேள்விகளைக் கூட்ட வேண்டும் என்ற முடிவுக்கு வருவது தவறாகவே முடியும். எதற்கெடுத்தாலும் கேட்டால் விரல் தானாகவே ஆம் என்று தட்டப் பழகிவிடும். புதியவர் கேள்விகளைக் குறைக்கச் சொல்வதில் உள்ள நியாயம் இதுதான். கேட்ட தொகுப்பு மட்டுமே நிறுவப்படுவதாக இருந்தால் ஏபிடி ஒன்றும் கேட்பதில்லை. கூடுதலாக ஏதேனும் மாறும்போதுதான் கேட்கிறது. இந்தக் கொள்கையை இன்னும் ஒரு படி நகர்த்தலாம்: புதிதாகச் சேர்வதை மட்டும் கொண்ட திட்டம் சுருக்கமாகக் காட்டப்பட்டு எளிதில் கடக்கட்டும், பயனர் தானே கேட்டு நிறுவிய எதையாவது அகற்றும் திட்டமாக இருந்தால், அகற்றப்படுபவை மட்டும் தனியாக, காரணத்தோடு, திரையின் கடைசி வரிகளில், கேள்விக்கு ஒட்டினாற்போல் வரட்டும். இதுவும் செய்திகளைத் திருத்தும் வேலையின் ஒரு பகுதியே என்பதால் அதனோடு சேர்த்தே முடித்துவிடலாம். இயல்பான பதில் 'இல்லை' என்று இருக்கும் மேலாளர்களில் அதை மட்டும் 'ஆம்' என்று மாற்றக் கூடாது.

ஆகவே என் வரிசை இப்படி அமைகிறது. பூட்டு, சார்பு மோதல், தொகுப்பு கிடைக்கவில்லை ஆகிய மூன்று செய்திகளையும் அகற்றல் திட்டத்தின் காட்சியையும் அடுத்த வெளியீட்டிலேயே திருத்துவது. அதே வெளியீட்டில், பயனருக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நடவடிக்கை வரலாற்றைப் பதியத் தொடங்குவது. அந்தப் பதிவு சேர்ந்தபின் குறுகிய வாக்குறுதியோடு திரும்பப் பெறும் கட்டளை. மனிதர்களுக்கான தனிக் கட்டளை அதற்குப் பின், ஏனெனில் அதன் பெயர்களை ஒருமுறைதான் தேர்ந்தெடுக்க முடியும். தன்னகத்தே நூலகங்களைச் சுமக்கும் வடிவம் துணைத் தெரிவாக மட்டும்.

யோசனை அனுப்பியவருக்கு நன்றி என்று இரண்டு வரி எழுதுவதோடு நிறுத்திவிடாமல், எதை ஏன் ஏற்றோம், எதை ஏன் ஏற்கவில்லை என்பதை இதே விரிவோடு அவருக்கு எழுத வேண்டும். திருத்திய செய்திகளின் வரைவையும் அவரிடமே முதலில் கொடுத்துப் படிக்கச் சொல்லி, ஒவ்வொன்றையும் படித்தபின் அடுத்து எந்தக் கட்டளையைத் தட்டச்சு செய்வார் என்று கேட்க வேண்டும். அவர் சொல்லும் கட்டளை நாம் எதிர்பார்த்ததாக இல்லாவிட்டால், அந்தச் செய்தி இன்னும் வெளியீட்டுக்குத் தயாராகவில்லை. இன்னும் சில மாதங்களில் அவரும் பழகியவர்களுள் ஒருவராகிவிடுவார் என்பதால், இதை இந்த வெளியீட்டுக்குள்ளேயே செய்தாக வேண்டும்.